இடம் கேட்ட நகல்கள்

கிட்டு மொபைல்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த கடைசிப் பொட்டு இடமும் தீர்ந்துபோன அன்று காலையில், அதற்குள்ளிருந்து முதல் ஆளாக வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் கல்யாணத் தரகர் சுப்பணன். இப்போது ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கும் சுப்பணன் அல்ல. முந்தின மாரியம்மன் நோன்பியின்போது கைப்பேசியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடிவந்தாரே, அந்தச் சுப்பணன், அன்றைக்குக் கட்டியிருந்த கரைவேட்டியோடும் அதற்கப்புறம் விழுந்துபோன முன்பல்லோடும். "ஆச்சா கிட்டு?" என்று கேட்டார். வேலை மும்முரத்தில் இருந்த கிட்டுசாமி, "சித்தெ இருங்க" என்று குனிந்த தலை நிமிராமல் சொல்ல, சுப்பணனுக்குப் பின்னால் பால் சொசைட்டி மணியனும், மணியனுக்குப் பின்னால் மளிகைக்கடை வேலாத்தாளும், அவளுக்குப் பின்னால் ஊரில் பாதியும் ஒருவர்பின் ஒருவராக வந்து உட்கார இடம் கேட்டார்கள். நாற்காலி தீர்ந்ததும் படியிலும், படி தீர்ந்ததும் எதிர் பேக்கரியின் பெஞ்சிலும், பெஞ்சும் தீர்ந்ததும் பல்லடம் ரோட்டோரப் புளியமரத்தடியிலும் அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். பேக்கரிக்காரர் ஓடிவந்து எத்தனை டீ என்று கேட்டதற்கு, யாருக்கும் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். அதில்தான் அவருக்கு வருத்தம்.

செங்காட்டுப்புதூரில் கைப்பேசி வைத்திருக்கும் யாரும் கிட்டுவைத் தாண்டிப் போனதில்லை. ரிப்பேருக்கு வந்த கைப்பேசியைப் பிரிப்பதற்கு முன்னால், உள்ளே இருப்பது ஒன்றும் கெட்டுப்போய்விடக் கூடாதே என்று கேபிளைச் செருகி, செய்தி, படம், குரல், கூப்பிட்ட நம்பர், கூப்பிடாத நம்பர் என்று எல்லாவற்றையும் அப்படியே தன் கம்ப்யூட்டரில் ஒரு பேக்கப் எடுத்துவைத்துக்கொள்வது அவன் வழக்கம். வேலை முடிந்து வாங்கும்போது எல்லோரும் மறக்காமல் கேட்பார்கள்: "உள்ளாற எடுத்ததை அழிச்சிருங்க கிட்டு." அவன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்தபடி, "அழிச்சாச்சுங்க" என்பான். அதை அவன் சொல்லும் விதம் அப்படி. பால் சொசைட்டி அளவுக் குவளையையே தூக்கிப் பார்த்துச் சந்தேகப்படுகிற ஊர் இது; ஆனால் கிட்டுவின் 'அழிச்சாச்சுங்க'வை ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை.

அவன் எதையும் அழிக்கவில்லை. மூன்று தடவை வந்தவர்கள் மூன்று பேராக உள்ளே இருந்தார்கள். கம்ப்யூட்டர் தன்னால் முடிந்தமட்டும் சொல்லிப் பார்த்தது. இடம் குறைகிறது, பழைய பேக்கப்களை நீக்கலாமா என்று தினம் கேட்டது, சிவப்புக் கோடு காட்டியது, பெருமூச்சு விட்டது. கிட்டு ஒவ்வொரு நாளும் 'பிறகு' என்பதை அமுக்கினான். கேபிள் டிவிக்காரன் தாமோதரன்கூட ஒருநாள், "கடைசியா எடுத்ததை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை எறியறதுதான? இல்லீன்னா வெளிய ஒரு டிஸ்க் வாங்கி மாத்து" என்று சொன்னான். "கெடக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்" என்றான் கிட்டு. காலி டப்பா, அறுந்த வாளிக்காது, ஓடாத மிக்ஸி என்று ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் கிடப்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தையால் கிடப்பதுதான் என்பதால், தாமோதரனும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நகல்கள் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. அவர்கள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, தொட்டால் சார்ஜில் போட்ட கைப்பேசியின் சூடு இருக்கும், அவ்வளவுதான். எந்த நாளில் எடுக்கப்பட்டார்களோ அந்த நாளில்தான் இருப்பார்கள். அன்றைய கவலை, அன்றைய பேச்சு, அன்றைய சட்டை. புதிதாக எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் அது போய்விடும், ஏனென்றால் அவர்களுக்குள்ளும் இடமில்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் உட்கார ஒரு இடம்.

ஊர் முதல் வாரம் மலைத்தது, இரண்டாம் வாரம் பழகியது, அதற்கப்புறம் பயன்படுத்திக்கொண்டது. பெங்களூரில் வேலைக்குப் போய் வருசத்துக்கு ஒருதரம் வரும் மகளின் நகலை, அவள் காலேஜ் போன நாளில் எடுத்ததை, கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் டிவி முன்னால் உட்காரவைத்துத் தலைபின்னி விட்டாள் பேக்கரிக்காரர் மனைவி. தேர்தலுக்கு முந்தின வாரம் திரை உடைந்த கவுன்சிலரின் நகல், தெருத்தெருவாகப் போய்ச் சாக்கடை கட்டித் தருவதாகப் புதிதாகக் கும்பிடு போட, ஜனங்களும் வேறு வழியில்லாமல் பதிலுக்குக் கும்பிட்டார்கள். பிடிக்காத சொந்தத்தின் கல்யாணத்துக்கு நகலை அனுப்பிவைத்தவர்கள் உண்டு. டவுன் பஸ்ஸில் நகலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கண்டக்டருக்கும் மணியனுக்கும் சண்டை வந்து, சீட்டில் உட்கார்ந்தால் டிக்கெட், நின்றுகொண்டு வந்தால் சும்மா என்று முடிவானது. இதையெல்லாம் படம் பிடிக்கலாம், பேச்சைப் பதியலாம் என்று கைப்பேசியைத் தூக்கினவர்களுக்குத் திரையில் 'இடமில்லை' என்றுதான் வந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோபம் வந்தது பின்னால்தான். நகல்கள் வாய் திறந்தார்கள். மறைக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒன்றுமில்லை; பின்னாளில் அழித்த செய்தி எல்லாம் அழிப்பதற்கு முந்தின ஆளிடம் அலுங்காமல் இருந்தது. தாமோதரனின் நகல் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, கொழுந்தியாளைப் பற்றித் தன் சேக்காளிக்கு அனுப்பியதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தது, கொழுந்தியாள் பன் வாங்க வந்திருந்தாள். வேலாத்தாளின் நகல் தன் மருமகளைப் பற்றித் தங்கச்சியிடம் சொன்னதையெல்லாம் மருமகளிடமே சொன்னது. அப்போதுதான் ஊர் திரண்டு கிட்டுவின் கடைக்குப் போய், "அழிச்சாச்சு அழிச்சாச்சுன்னு சொன்னியே, உன்ற நாக்குல நரம்பு இருக்குதா" என்று கேட்டது. நம்பிக் கொடுத்த கையையே அவன் கடித்துவிட்டான் என்று பேசாத வாயில்லை. இவர்களுக்கு அவன் செய்தது ஒரு கடி, கொசுக்கடி. அவன் செய்ததிலேயே பெரியதைப் பற்றி இவர்களில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது நூல் சுற்றப் போகும் கலாமணிக்குச் செய்தது. அவள் புருசன் நாச்சிமுத்துவும் கிட்டுவும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், ஒரே மீசை வைத்து ஒன்றாக வழித்தவர்கள். நாச்சிமுத்து சென்னியப்பன் முதலாளியின் தறிக்குடோனில் தறி ஓட்டினான். ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்தக் குடோன்தான். மிச்சப் பாதி இருக்கும் கட்டடங்களும் அவருடையவை, கிட்டுவின் கடையையும் சேர்த்து. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு பகலில், ஆறாம் நம்பர் தறியின் ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்த நாச்சிமுத்து கரண்ட் அடித்துச் செத்துப்போனான். சட்டைப் பையில் இருந்த கைப்பேசியும் அவனோடு கருகிப்போனது. "குடிச்சுப்போட்டு ஈரக்கையை உள்ள விட்டுட்டான்" என்று சென்னியப்பன் சொன்னார். அவன் பீடிகூடப் பிடிக்காதவன் என்று தெரிந்த அத்தனை பேரும், "ஆமா, குடிச்சிருந்தான்" என்றார்கள். அவன் வேலைக்குப் போகும்போது அவனுக்குச் சோறு போட்டு அனுப்பிய கலாமணி ஒருத்திதான் இல்லை என்றாள். ஒருத்தி சொல்லி என்ன ஆகும். ஊரில் அவள் பெயரே 'குடிச்சுச் செத்தவன் பொண்டாட்டி' என்று ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் அவள் மகளுக்கும் அதுதான் பெயர்.

அந்த நாட்களில் அவளுக்குத் துணையாக நின்றவன் கிட்டு. பாடைக்குத் தோள் கொடுத்தவன் அவன், பந்தலுக்கு ஆள் சொன்னவன் அவன், மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவனும் அவன். அவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், கூடப் பிறந்தவன் இருந்தாலும் இப்படிச் செய்வானா என்று வாயாரச் சொல்வாள்.

நகல்கள் வந்த பத்துப் பதினைந்து நாளில் யாரோ வந்து சொல்ல, கலாமணி நூல் ஒட்டிய கையோடு ஓடினாள். கடையின் உள்ரூமில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடிக்கு அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். தலைமயிரில் பஞ்சு, கையில் தறி எண்ணெய். அவளைப் பார்த்ததும், "நீ எங்க புள்ள இங்க? சோறாக்கியாச்சா?" என்றான். அவள் அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதாள். அவன் ஏன் அழுகிறாய் என்று கேட்டான், கேட்டதை மறந்தான், மறுபடியும் கேட்டான். அவள் அவனைக் கைபிடித்துத் தெரு வழியாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டில் அவன் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவன் மடியில் தலைவைத்துப் படுத்தாள், சூடாக இருந்தது, தூங்கிப்போனாள். "இதென்ன, ஒரே நாள்ல இத்தனை ஒசரம் வளந்திருச்சு" என்று ஆச்சரியப்பட்டான், அடுத்த நிமிசம் மறுபடியும் ஆச்சரியப்பட்டான். கலாமணி எதிரில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எடுக்கப்பட்ட நாள் எதுவென்று அவளுக்கு அந்தச் சட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது அவன் சாவதற்கு முந்தின நாள்.

"நாளைக்கு நீங்க குடோனுக்குப் போவாதீங்க" என்றாள், வீண் என்று தெரிந்தும்.

"போவாம? ஆறாம் நம்பர் ஸ்டார்ட்டர்ல ஷாக் அடிக்குது புள்ள. மொதலாளிக்கு மறுபடியும் சொல்லிப்போட்டேன், வாய்ஸ் போட்டு அனுப்பிச்சேன். லோடு போகட்டும், அப்பறம் பாக்கலாம்னு பதில் போட்டாரு. கிட்டுகிட்டப் போனைக் குடுத்து எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கடான்னு சொல்லியிருக்கறேன். எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா கலாமணிக்கிட்டக் காட்டுடான்னு. அவன் சரீன்னான்."

அவள் மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவன் அதையே சொன்னான். அன்றைக்கு முழுக்க அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு தடவையும் அந்த 'அவன் சரீன்னான்' வரும்போது அவளுக்கு நெஞ்சை அறுத்தது. சென்னியப்பன் பொய் சொன்னதுகூட அவளுக்குப் புதிதல்ல. பாடைக்குத் தோள் கொடுத்தவனின் கம்ப்யூட்டருக்குள், அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில், அத்தனை நாளும் இது இருந்திருக்கிறது. அவள் ஊர் முன்னால் நின்று அவர் குடிக்கவில்லை என்று தொண்டை வற்றக் கத்தியபோது, அவன் பக்கத்தில்தான் நின்றான், அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் அவள் கடைக்குப் போனாள். கிட்டு அவளைப் பார்க்காமல் ஒரு கைப்பேசியின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏனண்ணா, அவரு உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தான போனாரு?"

"நான் அழிக்கலை அம்மிணி" என்றான் கிட்டு. "ஊர்ல அத்தனை பேருக்கும் அழிச்சாச்சுன்னு சொன்னேன். அவன்றதை அழிக்கலை. பத்திரமா வெச்சிருந்தேன்."

"ஆருக்காக?"

அவன் கழற்றிய முதுகை மேசையில் வைத்தான். அப்புறம், "மொதலாளி கடையைக் காலி பண்ணச் சொல்லீருவாரு. எனக்கும் ரெண்டு பிள்ளைக" என்றான். கலாமணி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. அன்றிலிருந்து அவள் அவனை அண்ணா என்று கூப்பிடவும் இல்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவன் சொன்னான், நான் கேட்கவில்லை என்று சென்னியப்பன் நாலு பேர் முன்னால் ஒருதரம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனுக்கு நாச்சிமுத்துவைக் கூட்டிப்போனாள். அங்கே இருந்தவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நகல் சொல்றதெல்லாம் செல்லாதும்மா, ஒரிஜினலைக் கூட்டிட்டு வா" என்றார். "ஒரிஜினல்தானுங்க செத்துப்போச்சு" என்றாள். "அப்ப டாக்டர் எழுதிக் குடுத்தது இருக்குமில்ல, அதுல என்ன போட்டிருக்குதோ அதான்" என்று சொல்லிவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த தன்னுடைய நகலைப் பார்த்து வாயை மூடு என்று ஒரு அதட்டுப் போட்டார்.

அதனால் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு நேராகக் குடோனுக்கே போனாள். ஷிப்ட் மாறுகிற நேரம், தறிக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். சென்னியப்பன் காரிலிருந்து இறங்கினார். ஊரிலேயே நகல் இல்லாதவர் அவர் ஒருவர்தான். கைப்பேசி கெட்டால் ரிப்பேருக்குத் தரமாட்டார், வேறு வாங்கிவிடுவார். நாச்சிமுத்து அவரைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றான்.

"மொதலாளி, ஆறாம் நம்பர் ஸ்டார்ட்டர்ல ஷாக் அடிக்குதுங்க. எலக்ட்ரீசியனை ஒருக்கா வரச்சொல்லுங்க."

சென்னியப்பன் கார்க்கதவைச் சாத்திக்கொண்டே, யார் என்ன கேட்டாலும் தானாக வாயில் வருகிற பழக்கத்தில், "லோடு போகட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றான் நாச்சிமுத்து.

அத்தனை பேரும் கேட்டார்கள். சென்னியப்பன் முகம் வெளுத்ததையும் அத்தனை பேரும் பார்த்தார்கள். கலாமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர்கள், அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது மொய் எழுதியவர்கள், நாச்சிமுத்துவோடு ஒரே தறிச் சந்தில் நின்று காது அடைத்தவர்கள். ஒருவன் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். ஒருவன் ஷிப்டுக்கு நேரமாச்சு என்றான். அப்புறம் எல்லோரும் ஒட்டுமொத்தமாக உள்ளே போனார்கள், தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன, அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காது.

அந்த வாரமே சென்னியப்பன் தன் கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். நகல்களால் ஊரில் மானம் மரியாதையோடு ஒருத்தரும் நடமாட முடியவில்லை, வீட்டில் படுக்க இடமில்லை, பெண்டு பிள்ளைகளுக்குள் சண்டை, ஆகவே எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துவிட வேண்டும் என்றார். தாமோதரன் முதல் ஆளாகக் கைதூக்கினான். எப்படி அழிப்பது என்று கிட்டு எழுந்து சொன்னான்: நகல் தன் காலால் நடந்து கடைக்குள் வர வேண்டும், இழுத்து வந்தால் ஆகாது; தனக்கு நம்பிக்கையான ஆள் கூப்பிட்டால்தான் வரும்; வந்து கம்ப்யூட்டர் முன்னால் நின்றால், பேக்கப் எடுத்த கையே பட்டனை அமுக்க வேண்டும், அமுக்கினால் போய்விடும். அதில் ஒரு சிரமமும் இருக்காது என்றார் சென்னியப்பன். அவரவர் நகலை அவரவர் கூப்பிட வேண்டியதுதான், தன்னையே நம்பாதவன் யார் இருக்கிறான்.

கலாமணி எழுந்தாள்.

"எல்லாத்தையும் அழிச்சுக்குங்க. நான் வேண்டாங்கலை. அவரு சொன்னாரு, நான் கேக்கலைன்னு மொதலாளி இந்த எடத்துல ஒருக்கா சொல்லட்டும். சொன்னா, நானே என்ற கையால கூட்டிட்டு வந்து விட்டர்றேன். எனக்கு அதும்போதும்."

அவளுக்கு அது எத்தனை பெரிய விலை என்று அங்கே இருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும். சுவரோரம் சூடாக உட்கார்ந்திருப்பவனை, தினமும் சோறாக்கியாச்சா என்று கேட்பவனை, ஒரு வார்த்தைக்காக விட்டுத்தருகிறேன் என்கிறாள்.

"செத்தவனைப் பத்திப் பேசி என்ன ஆகப்போவுது அம்மிணி" என்றார் சென்னியப்பன், தன்மையாகவே. "ஊர் நல்லா இருக்கோணும்."

ஊர் தலையாட்டியது. ஒரு குரல்கூட, ஒரு செருமல்கூட அவள் பக்கம் வரவில்லை. கிட்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து வந்த நாளெல்லாம் ஊர் தன் நகல்களை அழைத்துக்கொண்டு கிட்டுவின் கடைக்குப் போயிற்று. சுப்பணன் தன் முன்பல் இருந்த சுப்பணனைக் கைபிடித்துக் கூட்டிப்போனார், போகும் வழியில் அந்தப் பல்லை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மணியன் தன்னுடைய ஐந்து மணியன்களை ஆடு ஓட்டுவதுபோல் ஓட்டிப்போனான். பெங்களூர் மகள் லீவு போட்டு வந்து தன் நகலைக் கூட்டிப்போக, பேக்கரிக்காரர் மனைவி அதற்குப் பின்னிவிட்ட ஜடையிலிருந்து ரிப்பனை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதாள். ஒருவர் பின் ஒருவராகக் கம்ப்யூட்டர் முன் நின்றார்கள், கிட்டுவின் விரல் அமுக்கியது, நாற்காலி காலியானது, படி காலியானது, பெஞ்சும் புளியமரத்தடியும் காலியாயின. சிவப்புக் கோடு குறைந்துகொண்டே வந்தது. நாலைந்து நாளில் ஊரில் மிஞ்சியது ஒரே ஒரு நகல்.

செத்தவனைக் கூப்பிட அவனுடைய ஒரிஜினல் இல்லை. கலாமணி கூப்பிட மாட்டாள். வேலாத்தாள் வந்து சொன்னாள், கவுன்சிலர் வந்து சொன்னார், நூல் சுற்றும் இடத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நாச்சிமுத்துவின் எதிரில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், எப்படியாவது ஒரு சொல் அவனுக்குள் தங்கிவிடாதா என்று. நீங்க செத்துப்போனீங்க. மொதலாளி பொய் சொன்னாரு. கிட்டுவை நம்பாதீங்க. கிட்டுவை நம்பாதீங்க. அவன் ஒவ்வொரு தடவையும், "ஆரு, நம்ம கிட்டுவா? போ புள்ள" என்று சிரித்தான். அவன் எடுக்கப்பட்ட நாளில் கிட்டு இன்னும் எந்தத் துரோகமும் செய்திருக்கவில்லை.

ஒரு மத்தியானம், தெருவில் ஆளில்லாத வெயிலில், கிட்டு வந்தான். கதவைத் தட்டினான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "போயிருங்க" என்றாள்.

"அம்மிணி, மொதலாளி நாளைக்குக் கடைச் சாவியைக் கேக்கறாரு."

"குடுத்துப்போட்டுப் போங்க."

கிட்டு ஜன்னலை ஒட்டி வந்து நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதை அவன் துடைக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அழுகைதான் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டேதான் அவளைத் தாண்டி உள்ளே பார்த்து, பள்ளிக்கூட நாளிலிருந்து கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டான்.

"மாப்ள, வாடா, டீ குடிச்சுட்டு வரலாம்."

நாச்சிமுத்து முகம் மலர்ந்து எழுந்தான். அவள் குறுக்கே ஓடி வந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவளை அலுங்காமல் ஓரமாக நகர்த்திவிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தான். அவள் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், சூடாக இருந்தது.

"போவாதீங்க. இவந்தான் உங்களைக் காட்டிக்குடுத்தவன். இவங்கூடப் போனா நீங்க திரும்பி வரமாட்டீங்க. ஏனுங்க, எனக்காக, இந்த ஒருக்கா கேளுங்க."

அவன் முழுக்கக் கேட்டான். கேட்டபோது அவன் முகம் லேசாகச் சுருங்கியது, அவளுக்கு உயிர் வந்தது. அப்புறம் அவன் கண்ணை மூடித் திறந்தான், முகம் பழையபடி ஆகிவிட்டது. வாசலில் நிற்பவனைப் பார்த்து, "ஏண்டா அழுவற?" என்று கேட்டான்.

"பஞ்சு கண்ணுல பட்டிருச்சு" என்றான் கிட்டு.

நாச்சிமுத்து சிரித்தான். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், எடுத்துவிட்டான். படியிறங்கிக் கிட்டுவின் தோளில் கைபோட்டுக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"நீ சாப்புட்டுப்போட்டுச் சித்தெ படு புள்ள. நான் என்ன ஊரை விட்டா போறேன், கிட்டுகூடத்தான போறேன்."